இறக்கச் சொல்லும் வரை

ஆகஸ்ட் 3, ஞாயிறு
திருவள்ளூரில் மாவட்டப் பளுதூக்கும் போட்டிக்குப் பதினான்கு நாள் இருக்கிறது. போன வருடம் மூன்று வாய்ப்பிலும் தலைக்கு மேல் தூக்கினேன். மூன்றிலும் நடுவர் இறக்கச் சொல்லும் முன்பே பதறிப் போட்டுவிட்டேன். எதுவும் செல்லாது! இந்த முறையும் சொதப்பினால் விளையாட்டு லீவே கிடையாது என்கிறார் நான் வேலை செய்யும் புதுவாயல் கம்பெனி மேனேஜர். லீவு இல்லையென்றால் பயிற்சி ஏது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்
கை நன்றாக இருக்கிறது. மனசுதான் பேஜாரு. "கண்ண மூடிக்கினு மேடைய நெனச்சிப் பாரு" என்றார் பயிற்சியாளர் வசந்தகுமார். மூடினேன். தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்
எபினேசரிடம் புலம்பினேன். அவர் என் வீட்டுக்காரர், அத்திப்பட்டு பவர் பிளான்டில் சிக்னல்மேன். அவர் கை காட்டாமல் கிரேன்காரர் எதையும் இறக்கக் கூடாது.
"இன்னாமே, இதுக்கா அழுவுற? நீதான் கிரேனு. நான் கை காட்ற வரிக்கும் எறக்காத."
மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். எதிரே நான், தலைக்கு மேல் துடைப்பத்தோடு. எங்கள் கல்யாண போட்டோவில்கூட மனுஷன் இவ்வளவு விறைப்பாக நிற்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
துடைப்பப் பயிற்சிக்கு நடுவில் எபினேசர் போன் வந்து பேசப் போய்விட்டார். நாலு நிமிடம்! நான் இறக்கவில்லையே.
"உன்ன மறந்தே பூட்டேன்மே" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தைரியமும் வந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்
நிஜ எடை. எதிரே எபினேசர். பத்துக்குப் பத்து.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
முதல் வாய்ப்பு. எழுபது கிலோ மேலே போனது. நின்றேன். எதிரே நடுவர், அவருக்குப் பின்னால் கூட்டத்தில் எபினேசர். ஒரு நொடிகூட ஆகவில்லை — பழக்கதோஷத்தில் கையைக் கீழே காட்டிவிட்டார் பாவி மனுஷன்! நானும் அதே பழக்கதோஷத்தில் — டமால். மூன்று நடுவர்களும் சிவப்பு விளக்கு. செல்லாது.
இரண்டாவது வாய்ப்பில் ஆத்திரம்தான் இருந்தது. பாரம் தோளைத் தாண்டவில்லை.
எபினேசர் ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நான் வெளிய பூட்றேன்மே. இங்க இருந்தா கை சும்மா இருக்காது." போயே விட்டார்.
இனி யாரைப் பார்ப்பது? நடுவரைத்தான். வழுக்கைத் தலை, காதில் முடி. அண்ணே, இன்னிக்கு நீங்கதான் சிக்னல்மேன் என்று மனசுக்குள் சொன்னேன். தூக்கினேன். நின்றேன். அவர் கை இறங்கிய பிறகுதான் விட்டேன்.
மூன்று விளக்கும் வெள்ளை, செல்லும்! இரண்டாம் இடம்! மாநிலப் போட்டிக்குப் போகிறேன்!
வாசலுக்கு ஓடினேன். கேட்டுக்கு வெளியே சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.
"டமால்னு கேட்டுச்சி. நல்ல சத்தமா கெட்ட சத்தமான்னு தெர்ல. உள்ள வந்து கேக்க பயமா இருந்திச்சி."
"நல்ல சத்தம்தான்யா" என்றேன். அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்
லீவுக் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாநிலப் போட்டி அடுத்த மாதம். அந்த ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்க நிழல் இருக்குமா என்று எபினேசர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.