மறுத்துக் கதைக்க ஓராள்

ஒக்லண்ட்
ஆனி 1998

அன்பின் மெற்றில்டா,

நான் சுகம். நீரும் பிள்ளையளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுறன். இருமல் மாறிட்டுதெண்டு எழுதியிருந்தீர். நான் நம்பேல்லை, டொக்டரிட்டைக் காட்டும்.

அடுத்த அறையிலை டேவிட் எண்டு ஒரு யூதர். ரபாய், அதாவது அவையின்ரை மதகுரு, ஆகிறதுக்குப் படிக்கிறார். பின்னேரத்திலை ஒரு சிநேகிதன் வருவான். ஒரே புத்தகத்தை விரிச்சு வச்சு, ரெண்டுபேரும் மேசையிலை அடிச்சுக் கத்துவினம். பிறகு சிரிச்சுச் சிரிச்சுத் தேத்தண்ணி குடிப்பினம். எனக்கெதிராத்தான் ஏதோ திட்டமெண்டு கதவிலை காதை வச்சும் கேட்டுப் பாத்தன்.

இப்ப அந்தச் சிநேகிதன் மெல்பேணுக்குப் போட்டான். நேற்று டேவிட் என்ரை கதவைத் தட்டினார்.

"மறுத்துக் கதைக்க ஆளில்லாட்டி எங்கடை படிப்பு படிப்பில்லை. நீர் ஒண்டையும் லேசிலை நம்பாத ஆள். முன்னாலை இருப்பீரோ?"

இதிலையும் ஏதோ சூதிருக்கெண்டுதான் போய் இருந்தன். அவர் வாசிச்சு விளக்க, "ஆர் சொன்னது? என்ன சாட்சி?" எண்டு நானும் மேசையிலை அடிச்சன். மனுசனுக்குச் சந்தோசம் தாங்கேல்லை.

மிளகாய்த்தூள் அனுப்பும். பொதியை நீரே தையும், உம்மடை தம்பியிட்டைக் குடுக்காதேயும்.

வேலைக்கு நேரமாச்சு. உம்மைப் பிரிஞ்ச பிறகு, நேற்றுத்தான் ஓராளோடை வாய்நிறையச் சண்டை பிடிச்சன்.

உம்மடை
செபமாலை