உப்பளநாட்டு மழலைக்கூடத்தில் முரசறைவோனை இருத்தியது பற்றி

நலம் பெருகுக. மழை தவறாத குன்றும் கலம் தவறாத துறையும் உடைய வேய்ங்குன்ற நாட்டின் வேந்தர் வெண்குடை நிழலிலிருந்து, இளையோர் கல்விக்குப் பொறுப்பேற்ற அமைச்சர் கீரன்தேவனார் எழுதுவித்த இவ்வோலை, நூறு அளங்களுக்கு உடையவரும், மூன்று துறைகளின் காவலரும், கடற்கொள்ளையரை வென்ற தோளினருமாகிய உப்பளநாட்டு நாடாள்வார் பெருவரையர் திருமுன் சேர்க. நாடாள்வார்க்கும், அவர் மனைக்கும், அளத்தில் கால் வெந்து உழைக்கும் குடிகளுக்கும், அக்குடிகளின் பிள்ளைகளுக்கும் நன்மை உண்டாகுக. பிள்ளைகளுக்குச் சற்று விரைவாகவே உண்டாகுக.

வைகாசித் திங்களில் நாடாள்வார் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அமைச்சர் அதை மும்முறை வாசித்தார். முதல்முறை, எழுதியவன் கைப்பிழையோ என்று ஐயுற்றார். இரண்டாம்முறை, வேறோர் ஓலையின் ஏடு இதில் கோக்கப்பட்டதோ என்று கயிற்றை அவிழ்த்துப் பார்த்தார். மூன்றாம்முறைதான், நாடாள்வார் தெரிந்தே எழுதியிருக்கிறார் என்பது விளங்கிற்று.

அவ்வோலையின் வேண்டுகோள் இரண்டு. கூடத்து ஆசிரியை வெண்ணி, முரசறையும் ஓரியின் கையிலிருந்த கோலைப் பிடுங்கி எறிந்து, தூணில் கட்டியிருந்த பிள்ளையை அவிழ்த்துவிட்டு, காவலர் அறிய ஆணையை மீறியமையால், அவளை நாட்டைவிட்டு நீக்க வேந்தர் இசையவேண்டும் என்பது ஒன்று. மற்றதைப் பின்னர்ச் சொல்வதே நலம். அமைச்சர்க்கு அதற்கு மூச்சு வேண்டும்.

விடியலில் அளத்துக்குச் செல்லும் குடிகளின் பிள்ளைகள், மூன்று வயது முதல் ஆறு வயது வரை, பகலெல்லாம் மழலைக்கூடத்தில் இருக்க வேந்தர் வகுத்து ஆறாண்டாகிறது. தலைநகரப் பயிற்சிக்கூடத்தில் ஈராண்டு பயின்றவரன்றி எவரும் அங்கு ஆசிரியராக அமரலாகாது என்பதும் அவர் வகுத்ததே. நாடாள்வார் பன்னிரண்டு கூடங்களுக்குப் பன்னிருவரை அனுப்பினார். பன்னிருவரும் நன்கு பயின்று திரும்பினர். கூடங்களையும் நன்கு நடத்தினர். இவ்வாண்டு அவர்களை நாடாள்வார் என்ன செய்தார்? எழுத்தறிந்த கைகள் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து வீணாவதா என்று சொல்லி, சிலரைத் தேர்விழாவில் கூட்டம் ஒதுக்கவும், சிலரைத் துறையில் வந்திறங்குவோர் பெயர் பதியவும், வெண்ணியாரை ஊர் ஊராகப் போய் மாடு எண்ணவும் ஏவினார். கூடங்களில் கை ஓய்ந்திருந்தவர்களை அமர்த்தினார். பங்குனி விழா முடிந்து முரசுக்கு வேலை குறைந்திருந்ததால், கோட்டையடிக் கூடம் ஓரிக்கு வாய்த்தது.

இதை விசாரிக்கத் தூதர் அனுப்பப்பட்டார். அவரிடம் நாடாள்வார், பெற்றவளுக்கு யார் பயிற்சி கொடுத்தார், மண்ணில் விளையாடும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க ஈராண்டுக் கல்வியா என்று கேட்டாராம். வெண்ணி இருந்தபோது கூடம் காக்கைக் கூட்டமாய்க் கத்தியது, ஓரி வந்தபின் ஈ எறும்பு அசைவதில்லை என்று பெருமையும் சொன்னாராம். நான்கு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்குமிடத்தில் ஈ எறும்பு அசையவில்லை என்றால் அங்கே ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். இதைக்கூட ஓலையில் எழுதவேண்டியிருக்கிறதே என்று அமைச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கூடத்தில் வைத்த சிறுமுரசில் ஓர் அடி விழுந்தால் பிள்ளைகள் வாய் பொத்தவேண்டும், ஈரடிக்குப் படுக்கவேண்டும், மூவடிக்கு எழவேண்டும். இதுவே ஓரியின் பாடம். வெண்ணியார் மாடெண்ணப் போனபின் கூடம் சேர்ந்த இலாமு என்னும் நான்கு வயதுப் பெண்பிள்ளை மட்டும் எந்த அடிக்கும் அசையவில்லை. அவள் பெற்றோர் மாசியில் தீவுகளிலிருந்து அளவேலைக்கு வந்தவர்கள். இலாமு பேசுவதுமில்லை, கிட்ட வந்த மூன்று பிள்ளைகளைக் கடித்தும்விட்டாள். ஊமை என்றும் கடிநாய் என்றும் பெயர் சூட்டி, நாடாள்வார் ஆணைப்படி, அவளை இடுப்பில் கயிறிட்டுத் தூணில் கட்டினார்கள். பதினொரு நாள் கட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் மாடெண்ணித் திரும்பிய வெண்ணியார் உள்ளே நுழைந்தார். கோலுக்கு நேர்ந்தது நாடாள்வார் எழுதியபடியே. அவர் எழுதாதது இது: வெண்ணியார் கயிற்றை அவிழ்த்தபின் பிள்ளையைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. இரண்டு முழம் தள்ளித் தரையில் குந்தி, தீவார் மொழியில் ‘தண்ணீர்’ என்றார். பிறகு ‘அம்மா வருவாள்’ என்றார். அந்தப் பிள்ளை வாய் திறந்து பேசத் தொடங்கி, கூடம் கலையும்வரை நிறுத்தவில்லையாம். அவளுக்கு நம் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. தன் கலயத்தைப் பிறர் எடுத்தபோது ‘என்னுடையது’ என்று சொல்ல வழியில்லாமல் பல்லால் சொல்லியிருக்கிறாள்.

இது தாய்மையின் அருளால் வந்த அறிவு என்று நாடாள்வார் எண்ணற்க. வெண்ணியாருக்குப் பிள்ளையில்லை. கடித்த பிள்ளையைத் தொடுமுன், கடிப்பதற்குமுன் என்ன நடந்தது என்று கேள் என்பது பயிற்சிக்கூடத்தின் முதலாண்டுப் பாடம். எந்தக் குடியின் பிள்ளை வந்தாலும் அக்குடியின் பத்துச் சொல்லைக் கற்றுவை என்பது இரண்டாமாண்டுப் பாடம். தீவிலிருந்து வரும் படகுப் பெண்களிடம் கேட்டு அவர் தீவாரின் சொற்களை முன்பே கற்றிருந்தார். கோட்டை முழுதும் பதினொரு நாளில் அறியாததை, அவர் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் அறிந்தார். கற்றதால் அறிந்தார்.

ஓரியையும் தூதர் வினவினார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, தனக்குத் தோல் தெரியும், கோல் தெரியும், பிள்ளை தெரியாது என்று முதல்நாளே முறையிட்டதாகவும், ஊரையே அடக்கும் முரசுக்கு முப்பது சுண்டெலிகள் அடங்காவா என்று நாடாள்வார் சிரித்து அனுப்பியதாகவும் சொன்னான். அந்த அம்மாள் கோலைப் பிடுங்கியபோது, உள்ளதைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது என்றான். உப்பளநாட்டில் தன் அறியாமையை அறிந்தவன் ஒருவனாவது உளன்.

இனி இரண்டாம் வேண்டுகோள். ஓரி கூடத்துக்குப் போனதால் கோட்டை முரசை நாடாள்வாரின் மைத்துனர் ஏற்றார். புயல் எச்சரிக்கையை அவர் மணமுரசாக அறைந்ததில், ஊரார் விருந்து எங்கே என்று கோட்டை வாயிலில் கூடினர். மறுநாள் முரசின் தோலும் கிழிந்தது. ஆகவே நாடாள்வார், முரசறைதல் எளிய தொழிலன்று, பழகாத கை பட்டால் தோல் கெடும், ஐந்தாண்டேனும் பயின்றவன் ஒருவனைத் தலைநகரிலிருந்து விடுக்க என்று எழுதியிருக்கிறார். வெண்ணியாரை நீக்கச் சொன்ன அதே ஏட்டில், நான்கு விரற்கடை கீழே எழுதியிருக்கிறார். இலாமுவின் இடுப்பில் கயிறு அறுத்த இடம் இன்னும் கன்றியிருப்பதைத் தூதர் கண்ணால் கண்டார். மாட்டுத்தோலுக்கு ஐந்தாண்டு கேட்பவர், பிள்ளைத்தோலுக்கு ஈராண்டு மிகை என்கிறார்.

வேந்தர் இதைக் கேட்டு முதலில் நகைத்தார், பின்னர் நகைக்கவில்லை. நாடாள்வாரையே பத்து நாள் அக்கூடத்தில் இருத்துக என்றார். பயிலாதவரிடம் பிள்ளைகள் பட்டது போதும் என்று அமைச்சர் தடுத்தார். வேந்தர் இசைந்தார்.

ஆகவே ஆணையாவது: வெண்ணியாரை நீக்கும் பேச்சு இவ்வோலையோடு ஒழிக. அவர் இன்றே கோட்டையடிக் கூடத்தில் அமர்க. மற்றப் பதினொருவரும் ஐந்து நாளுள் தத்தம் கூடம் சேர்க. மாடு எண்ண மேய்ப்போர் உளர். ஓரி தன் முரசுக்குத் திரும்புக. முரசு, கயிறு, நாடாள்வார் ஆகிய மூன்றும் வெண்ணியாரின் இசைவின்றிக் கூடத்துள் நுழையலாகா. இலாமுவின் பெற்றோரிடம் நாடாள்வார் நடந்தே சென்று, நேர்ந்தது தம் ஆணையால் நேர்ந்தது என்று அவர்கள் மொழியிலேயே சொல்க. அம்மொழி தெரியாதெனின் வெண்ணியாரிடம் பயில்க.

இதன் பின்னும் பயிற்சி எதற்கு என்று வினவி ஓலை வருமாயின், விளக்கம் அனுப்பப்படமாட்டாது. வேறு நாடாள்வார் அனுப்பப்படுவார். அவர் பயின்றவராக இருப்பார்.

ஆனித் திங்கள் ஒன்பதாம் நாள், வேந்தர் கேட்டிருக்க வாசித்து, வலம்புரி முத்திரை இட்டது. காண்க. செய்க.