டோரதி அக்காவின் தூக்க மாத்திரைகள்

இராயபுரம், 1974

லூயிஸ் அப்பாவுக்கு,

கப்பலில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வருஷப் பூசை முடியும்வரை செத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். அதனால் உங்கள் அக்கா டோரதியின் தூக்க மாத்திரைப் புட்டியும் மாதா சுரூபத்துப் பக்கத்திலேயே இருந்தது. போன மாதம் பார்த்தால் பாதியைக் காணோம்.

நம் பையன் லூயிஸ்மேல்தான் எனக்குச் சந்தேகம். "இன்னாத்துக்கும்மா என்னியே மொறைக்கிற? நான் தொடவே இல்ல" என்றான். அவன் தோஸ்துகளின் முழியே சரியில்லை. எர்ணாவூரில் என் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

வழக்கமாவது ஒன்றாவது! மிச்ச மாத்திரைகளை இடித்து, மீன் குடலோடும் சாம்பலோடும் பிசைந்து, ஆழக் குழி தோண்டிப் புதைத்தேன். உங்கள் சொந்தக்காரர்கள் கேட்டால் காட்ட வேண்டுமே என்று புட்டியில் வெள்ளைக் கால்சியம் மாத்திரைகளைப் போட்டு வைத்தேன்.

அவன் போன பிறகும் புட்டி குறைகிறது. வீட்டில் நானும் நம் மகள் ஆலிஸும்தான்.

இன்று காலை அவள் என் மடியில் படுத்து அழுதாள். "இப்பல்லாம் எனுக்குத் தூக்கமே வரமாட்டேங்குதும்மா."

பையனை அழைத்துவர எர்ணாவூர் கிளம்புகிறேன். ஆலிஸையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். அவளைத் தனியே விட எனக்குத் துணிவில்லை.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
மனைவி