இடது பக்கத்தில் நிற்கிறவன்

போன திங்கட்கிழமை உன் மனைவி என் கடைக்கு வந்தாள். ஒரு பையை மேசையில் வைத்து, இது உங்களுடையது அண்ணா, அவர் எடுத்து வந்தது, வீட்டில் வைத்திருக்க மனசு வரவில்லை என்று சொன்னாள். பிளேன்டீ போடச் சொல்கிறேன் என்றேன். நிற்கவில்லை, போய்விட்டாள். பைக்குள் உன் கன்ட்ரோலரும் நம் கேம் டிஸ்க்கும் இருந்தன. டிஸ்க் பெட்டியைத் திறந்ததும் கராம்பு வாசனை அடித்தது மச்சான். கராம்பு மூட்டை ஏற்றும் உன் ஆட்டோவில் சீட்டுக்கு அடியில் எத்தனை நாள் கிடந்ததோ, நீ போய் ஏழு மாதமாகியும் வாசனை போகவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான்.

டிஸ்க்குக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு காகிதத் துண்டு இருந்தது. மாத்தளை டவுனில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் துண்டு. மேலே உன் பெயர். கீழே இரண்டு வரி: இரண்டு கண்ணிலும் அழுத்தம் மிக அதிகம், உடனே ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போகவும். தேதியைப் பார்த்தேன். நீ சாவதற்குப் பதினோரு நாள் முந்தியது. என்னிடம் காட்டத்தான் அதில் வைத்தாயா, யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்தாயா?

அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது என்று எழுதினால் அது பச்சைப் பொய். எனக்கு முன்பே தெரியும். உன் வீட்டாருக்கும் டாக்டருக்கும் தெரிவதற்கு முன்னால், உனக்கே தெரிவதற்கு முன்னால், எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடச் சட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கேம் கடையில் நாம் அடித்துக்கொண்ட அதே சண்டை விளையாட்டுதான். அதன் புதிய பாகம் வந்திருக்கிறது என்று நீதான் துள்ளிக்கொண்டு வந்தாய். இருவருமாகச் சேர்ந்து வாங்கினோம். அலுவிகாரையில் என் போன் ரிப்பேர் கடையின் பின்னறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மூக்கு இடிக்கிற தூரத்தில் பெரிய டீவி. முதல் நாள் போட்டுப் பார்த்தால் விளையாட்டில் நம் காலத்துச் சண்டைக்காரர்கள் எல்லாருக்கும் வயதாகியிருந்தது. நீ எப்போதும் எடுக்கிற தடியனுக்குத் தாடி நரைத்திருந்தது. "நம்மளவிட இவன் நல்லா இருக்கான்டா" என்றாய். மத்தியானத்தில் சவாரி, ஹயர் எதுவும் கிடைக்காத நேரமெல்லாம் ஆட்டோவை என் கடை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவாய்.

முதல் மூன்று மாதம் நீ என்னைத் துவைத்துக் காயப்போட்டாய். எனக்குத் தோற்கத் தெரியாது. உனக்குத்தான் தெரியுமே, தோற்றால் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். அதனால் உன்னைக் கவனிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அதைக் கண்டுபிடித்தேன். முதல் கன்ட்ரோலரை எடுக்கிறவனின் ஆள் திரையில் இடது பக்கம் நிற்பான், இரண்டாவதை எடுக்கிறவனின் ஆள் வலது பக்கம். ஆடும்போது நம் கண் நம் ஆளின் மேல்தான் இருக்கும், எதிராளி ஓரக்கண்ணில்தான் தெரிவான். நான் வலது பக்கத்தில் நின்றால் என் ஒவ்வொரு உதையையும் தடுத்தாய். இடது பக்கத்தில் நின்று கீழே ஓர் உதை விட்டால் உன் தடியன் மரம் மாதிரி நின்று வாங்கினான். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும்.

அதற்குப் பிறகு நீ வருவதற்கு முன்பே முதல் கன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். நீ ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. தோற்றுத் தோற்று ஒரு நாள் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாய்.

"டேய், நீ சும்மாதானே நின்ன? எப்படா அடிச்ச?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது என் காதுக்குள்ளேயே கிடக்கிறது.

அதே மாதத்தில் உன் ஆட்டோவின் இடது பக்கக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது. பஸ்காரன் உரசிவிட்டான் என்று திட்டினாய். என் கடைக் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாய். உன் இடது கைப் பக்கம் வைத்த பிளேன்டீயை மூன்று தடவை தட்டி ஊற்றினாய், மூன்றாம் தடவை நானே துடைத்தேன். துடைத்துக்கொண்டே சொன்னேன், "ஆட்டோலயும் ஒனக்கு லெஃப்ட் சைடு வீக்கா மச்சான்?" நீயும் சிரித்தாய். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாய். எனக்குத் தெரியும் என்று மேலே எழுதினேனே, இதைத்தான். ஆட்டத்தையும் ஆட்டோவையும் சேர்த்துச் சொன்ன வாய் என்னுடையது. நக்கலாகச் சொன்னேன், அவ்வளவுதான். வா, கண்ணைக் காட்டிவிட்டு வருவோம் என்று சொல்லியிருந்தால் நான் ஜெயிப்பது நின்றிருக்கும். அப்படி நினைத்துத்தான் சொல்லாமல் இருந்தேன் என்றில்லை. ஆனால் சொல்லவில்லை.

நீ கடைசியாக வந்த நாளில் ஏழு ஆட்டம் தொடர்ந்து தோற்றாய். டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, கன்ட்ரோலரையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். நான் வராமல் நீயும் ஆடக் கூடாது என்றாய். சின்னப் பிள்ளையா நீ என்று கத்தினேன். மறுநாளே கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறாய் என்பது இந்தத் துண்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பட்டப்பகல், காய்ந்த ரோடு. இடது பக்கத்துச் சின்ன ஒழுங்கைச் சந்திலிருந்து உன் ஆட்டோவுக்கு முன்னால் லொறி வெளியே வந்தது. ஹார்ன் அடித்தும் அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று லொறிக்காரன் அழுதான். நீ பிரேக்கைத் தொடவே இல்லையாம். போன் பேசிக்கொண்டு ஓட்டியிருப்பான் என்று மரண வீட்டில் ஒருவன் சொன்னான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன், நாலு பேர் வந்துதான் பிரித்தார்கள். அவனிடம் அவ்வளவு வீரம் காட்டிய நான், திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

உன் பை வந்த திங்கட்கிழமை மத்தியானம் கடையைப் பாதி இழுத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டேன். இந்தப் புதிய பாகத்தில் ஒரு வசதி இருக்கிறது, உனக்கு நினைவிருக்கும். நாம் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அதுவே நம்மைப் போல ஆடும் ஒரு நிழலை உண்டாக்கி வைக்கும். உன் நிழல் அங்கே இருந்தது. சண்டைக்குத் தயார் என்று எழுதியிருந்தது. அழுத்தினேன். நீதான் வந்தாய். அடிப்பதற்கு முன் இரண்டு அடி பின்னால் போய் வருகிற உன் கிறுக்குப் பழக்கம் உட்பட எல்லாம் நீதான். வலது பக்கத்தில் நின்று உதைத்தேன், தடுத்தாய். இடது பக்கத்துக்கு மாறி உதைத்தேன். நீ தடுக்கவில்லை. மறுபடி உதைத்தேன், தடுக்கவில்லை. டீவியின் வயரைப் பிடுங்கி அணைத்தேன்.

துண்டை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே கண் பார்க்கும் அம்மாவுக்கு உன்னை நினைவிருந்தது. கேம் ஒன்றில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன், அதற்கு ஒரு கண்ணாடி கொடுங்கள் என்று கேட்டாயாம். கராம்பு சீசன் முடியட்டும், கிளினிக்குக்குப் போகிறேன் என்றாயாம். இந்த வருத்தம், இந்தக் கண் நோய், பார்வையை ஓரத்திலிருந்து தின்னும், உனக்கு இடது ஓரம் முதலில் போயிருந்தது, வலியும் இல்லாததால் ஆளுக்கே தெரியாது என்று அந்த அம்மா சொன்னார். நீ இறந்துவிட்டாய் என்று சொன்னதும் என் கையிலிருந்த துண்டை வாங்கி மறுபடி படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இது ரத்தத்துல வர்றது மகன். கூடப் பொறந்தவங்க இருந்தா சுணங்காமக் கூட்டிட்டு வாங்க."

உனக்குக் கூடப் பிறந்தது ஒரே ஓர் அண்ணன். அவர் உக்குவளையிலிருந்து மாத்தளைக்கு ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பதினாலு பிள்ளைகள். உன் மகளும் அதில்தான் போகிறாள். பெரியப்பாவின் செல்லம் என்று முன் சீட்டில் உட்காருவாள், அவருக்கு இடது பக்கத்தில்.

நேராக வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அண்ணன் நம்ப மாட்டார், என்னைக் குரங்காட்டி என்பார். அதனால் போனுக்குப் புது கிளாஸ் போட்டுத் தருகிறேன் என்று நேற்றுக் கடைக்கு வரச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட முக்கால் மணி நேரம் இருக்கும்போது வந்தார். வேன் சாவியை மேசையில் வைத்தார். போனைச் செய்து முடிக்கும் வரை சும்மா உட்காராமல் இதைப் பாருங்கண்ணே என்று உன் நாற்காலியில் உட்காரவைத்தேன். உன் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து, உங்கள் ஆளைப் பார்த்துக்கொண்டே இருங்கள், என் ஆள் காலைத் தூக்கும்போது மட்டும் சொல்லுங்கள் என்றேன். இந்த வயசில் எனக்கு இது தேவையா என்று முனகினார். முதலில் வலது பக்கத்தில் நின்று உதைத்தேன். "இப்ப" என்றார். "இப்ப" என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடவுளே, இவருக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டே இடது பக்கத்துக்கு மாறினேன். உதைத்தேன். அவர் பேசவில்லை. இன்னொன்று, இன்னொன்று. உதைத்துக்கொண்டே இருந்தேன்.

"எங்கடா, அவன் சும்மாதானே நிக்கிறான்?" என்றார் அண்ணன்.

நான் எழுந்து மேசையிலிருந்த சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டேன். உன் துண்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் ஜெயித்ததையும் சேர்த்து. பிள்ளைகள் பள்ளிக்கூடக் கேட்டில் நிற்பார்கள், சாவியைக் கொடுடா என்று அண்ணன் என் சட்டையைப் பிடித்தார், கன்னத்தில் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சந்தியிலிருந்த வேறொரு வேன்காரரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை ஏற்றி வரச் சொன்னேன். அவன் என் தம்பி, எனக்குச் சொல்லாமல் உனக்குள்ளேயே வைத்திருந்தாயா என்று கேட்டுவிட்டு அண்ணன் பஸ்ஸில் ஏறிப் போனார். நீயும் அதைத்தான் கேட்பாய் மச்சான்.

வேனை நேற்று இரவே நான் அவர் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டேன், சாவியை மட்டும் கொடுக்கவில்லை. இன்று விடியற்காலையில் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக உக்குவளைக்குப் போனேன். அண்ணன் முற்றத்தில் வேனுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் போய் அவருடைய இடது பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நின்றேன். அவர் திரும்பவில்லை. கோபத்தில் திரும்பவில்லையா, நான் நிற்பதே தெரியவில்லையா? கூப்பிட்டுப் பார்க்கப் பயந்து, சட்டைப் பைக்குள் கையைவிட்டு வேன் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.