ஏழாவது கை

மதினி,

யாருக்காவது கொடுத்துவிடலாமென்று பழைய மடிக்கணினியை இன்று துடைத்துத் திறந்தேன். ‘மதினி’ என்று நான் பெயர் வைத்த நிரல் அதில் அப்படியே இருந்தது. ஓடவிட்டேன். ஏழு வரியில் விடை வந்தது. நீங்கள் இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு ராசிங்காபுரத்துக்கு வந்த வருடமே நீங்கள் மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போக ஆரம்பித்தீர்கள். ஜீப்பில் ஏழு பெண்கள். தினமும் ஒருத்திக்கு மட்டும் ஸ்டோரில் உட்கார்ந்து காய் பிரிக்கிற வேலை. மற்ற ஆறு பேரும் சரிவில் ஏறிக் காய் எடுக்க வேண்டும். அந்த ஒருத்தி யாரென்று தாயக்கட்டை முடிவு செய்தது. வரிசையாக உருட்டிக்கொண்டே வர வேண்டும். முதலில் யாருக்குத் தாயம் விழுகிறதோ அவளுக்கு ஸ்டோர். கடைசியாக வேலைக்குச் சேர்ந்ததால் நீங்கள் எப்போதும் ஏழாவது கை.

உங்களுக்குத் தாயம் விழுவதே அபூர்வம். ‘ராசியில்லாத கை’ என்று மற்றவர்கள் விளையாட்டாக ஆரம்பித்ததை நீங்களே நம்பிவிட்டீர்கள். என் நிச்சயதார்த்தத்தில் எனக்குப் பூ வைக்கக் கூப்பிட்டபோது, “நல்ல காரியம் ஆத்தா, என் கை வேணாம்” என்று அடுப்படிக்குள் போய்விட்டீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அப்போது கல்லூரியில் நிகழ்தகவு நிரல் படித்துக்கொண்டிருந்தேன். எது எவ்வளவு நடக்கக்கூடும், எது நடந்தால் எது நடக்கும் என்று விதிகளாக எழுதிவிட்டுக் கேள்வி கேட்டால், வாய்ப்பை அதுவே கணக்கிட்டுச் சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். கட்டையின் நாலு பக்கத்துக்கும் சம வாய்ப்பு. ஒரு கட்டையில் வெறும்பக்கம், இன்னொன்றில் ஒற்றைப் புள்ளி என்றால் தாயம். எட்டில் ஒரு வாய்ப்பு என்று வந்தது.

“பாருங்க மதினி, எல்லாக் கைக்கும் ஒன்னுதான்.”

நீங்கள் மொச்சை உரித்தபடியே கேட்டீர்கள்: “எனக்கு முறை வர்றதுக்குள்ள ஆறு கை உருட்டிருதே. அத எழுதினியா?”

எழுதவில்லை. முன்னால் உள்ள அத்தனை பேரும் தவறவிட்டால்தான் அடுத்தவருக்கு முறை. ஏழு பேரும் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இந்த விதியைச் சேர்த்ததும் விடையே மாறிவிட்டது. நூறு நாளில் முதல் கைக்கு இருபத்தொரு நாள் ஸ்டோர். உங்களுக்கு ஒன்பதே நாள்.

“அப்ப என் கை?”

“உங்க கையில ஒன்னுமில்ல மதினி. வரிசையிலதான் கோளாறு.”

“இன்னொருக்கா போடு” என்றீர்கள். போட்டேன். அதே விடை.

மறுநாள் ஜீப்பில் நீங்கள் இதைச் சொன்னதும், எப்போதும் முதலில் உருட்டுகிற மூத்த அக்கா கேட்டாராம்: “ஒன் கம்ப்யூட்டருக்கு மலையேறத் தெரியுமாடி?”

“தெரியாதுக்கா. எண்ணத் தெரியும். ஒரு மாசம் நான் முதல்ல உருட்டுறேன், நீங்க கடைசியா உருட்டிப் பாருங்க.”

மாதம் முடிவதற்குள், கடைசியாக உருட்டிப் பார்த்த அவரே, “தெனம் ஒருத்தி ஆரம்பிக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து முதல் கை சுற்றி வந்தது. உங்களுக்கும் மற்றவர்கள் அளவுக்கு ஸ்டோர் கிடைத்தது.

என் கல்யாணத்தன்று யாரும் கூப்பிடுவதற்கு முன்பே பூவோடு வந்து நின்றீர்கள். “நகருங்க எல்லாரும், நான்தான் வைப்பேன்.”

இப்போது நிரல் எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. விடை வந்ததும் நான் நம்புவதில்லை. வரிசையின் கடைசியில் யார் நிற்கிறார், அவருக்கு முறை வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்கிறேன். அலுவலகத்தில் அதை என் கேள்வி என்கிறார்கள். என் மதினி கேட்டது என்று ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன்.