இரண்டு தண்ணீருக்கும் ஒரு படகு

ஜனவரி 9

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

நான் சொல்லச் சொல்ல உங்கள் மருமகள் எழுதுகிறாள். போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டுவதில்லை. நீங்கள் அங்கிருந்து "ஆங்? ஆங்?" என்று கேட்க, நான் இங்கிருந்து தொண்டை கிழியக் கத்த, சம்பந்திகளுக்குள் சண்டை என்று தெருவே எட்டிப் பார்க்கிறது. என்ஜின் சத்தம் உங்கள் காதைத் தின்றுவிட்டது. எனக்கோ எழுத்து என்றால் கோழி கிளறிய மண்தான். நடுவில் இவள் கை இருக்கிறது, அது போதும்.

கால் எப்படி இருக்கிறது? படி இறங்குகிறீர்களா, இல்லை இன்னும் ஜன்னல் காவல்தானா?

மாப்பிள்ளை நலம். இளைத்துப் போயிருக்கிறார், மறைப்பானேன். உப்பங்கழியில் மீன் இல்லை. நேற்று விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை வலை இழுத்தோம், கூடையின் அடிகூட மறையவில்லை. எங்கள் வரிசையில் மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. வெளிக்கடலில் மீன் இருக்கிறது. காற்று மாதங்களில் போக முடியாது. கழியில் எல்லா மாதமும் போகலாம். போய் என்ன செய்வது? இரண்டு தண்ணீருக்கும் போகிற மாதிரி ஒரே படகு அமைந்தால் இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். அமையாவிட்டால் மாப்பிள்ளை கப்பல் கூலிக்குப் போகிறேன் என்கிறார். அப்படிப் போன யாரும் இந்தத் தெருவுக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை.

நான் ஏறிய ஒவ்வொரு படகின் அடியும் என் பாதத்துக்கு ஞாபகம் இருக்கிறது. தட்டை அடிதான் வேண்டும். முழங்கால் தண்ணீரில் ஓட வேண்டும். அடி மண்ணில் உரசினால் அந்த நொடியே என்ஜினைத் தூக்கிவிட வேண்டும். விசிறி மண்ணைத் தின்றால் அன்றைய பிழைப்பு போச்சு. உங்கள் மருமகள் பாவாடை கட்டிய நாளிலிருந்து பின்னால் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறாள். நாம் உரசல் என்று உணர்வதற்குள் அவள் கை தூக்கியிருக்கும். மாப்பிள்ளைக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை. அதனால் எந்தப் படகு வந்தாலும் முன்னால் வலையோடு அவர், பின்னால் என்ஜினோடு இவள். அதில் பேச்சில்லை.

யோசித்து எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி

(மாமா, 'தட்டை அடி' என்னும்போது அப்பா மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். உங்கள் மகன் அடுப்படியில் நின்றுகொண்டு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து 'கூர் அடி, கூர் அடி' என்று எனக்கு ஜாடை காட்டுகிறார். நான் யார் பக்கம் என்று எழுத மாட்டேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.)


ஜனவரி 20

அன்புச் சம்பந்திக்கு,

ஜன்னல் காவல்தான். கயிறு சுற்றும் எந்திரத்தில் நசுங்கிய கால் இனி படி இறங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. என் மனைவியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சோற்றுத் தட்டில் ஏறிக் கடலுக்குப் போ என்று என் மகனிடம் சொல்கிறீர்கள். உங்கள் தட்டை அடி ஒவ்வொரு அலையிலும் பொத்து பொத்தென்று விழும். நாலு மாதத்தில் இடுப்பு கழன்றுவிடும். வெளிக்கடலில் அலையை வெட்டிப் போக வேண்டும் ஐயா.

எனக்குத் தெரிந்த பைபர் படகு கட்டுகிறவர் ஒருவர் புதிதாக ஒரு அச்சு வைத்திருக்கிறார். மூக்கு கூர்மை. பின்னால் போகப் போகத் தட்டை. நடுவில் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு முதுகெலும்பு ஓடுகிறது, அது இருந்தால்தான் படகு நேராகப் போகும். பக்கச் சுவர் உயரம். தளத்துக்கு அடியில் நுரை அடைத்து மூடியிருக்கிறார், கவிழ்ந்தாலும் மூழ்காது. முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் கேட்கும். அந்த ஒரு சாணை நீங்கள் கொடுங்கள். கூர் அடிப் பிடிவாதத்தை நான் விட்டுவிட்டேன்.

கழியிலிருந்து கடலுக்குள் போகிற முகத்துவாரத்து மணல்திட்டைப் பற்றி உங்களுக்குப் பயம் வேண்டாம். என் மகன் அந்த மாதிரி இடத்தில் வளர்ந்தவன். அவனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

மருமகளுக்கு ஆசி. அவள் யார் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்
சம்பந்தி


பிப்ரவரி 26

சம்பந்திக்கு வணக்கம்.

படகு வந்துவிட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஏறியதும் லேசாகச் சாய்ந்து என்னைப் பார்த்தது, அவ்வளவுதான், நின்றுவிட்டது. குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று மூக்கிலிருந்து வால் வரை தடவிப் பார்த்தேன். உங்கள் ஆள் கெட்டிக்காரர்தான், ஒத்துக்கொள்கிறேன். இதை இவள் கொட்டை எழுத்தில் எழுதப் போகிறாளாம்.

கழியில் ஓட்டிப் பார்த்தோம். அந்த முதுகெலும்பு இரண்டு இடத்தில் உரசியது. இரண்டு முறையும் இவள் தூக்கிவிட்டாள். ஆனால் இந்தப் புது என்ஜின் கனம். இரண்டு கை போட்டு, உடம்பைத் திருப்பி, தம் கட்டித் தூக்க வேண்டியிருக்கிறது. அதனால் நானே பட்டறைக்குப் போய், பக்கத்தில் நின்று, முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி அடித்து வாங்கி மாட்டினேன். இனி ஒற்றைக் கையால், திரும்பிப் பார்க்காமலே தூக்கலாம். படகு நீங்கள் பார்த்தது, கைப்பிடி நான் பார்த்தது. கணக்கு சரியாகிவிட்டது.

அடுத்த வாரம் முதல் வெளிக்கடல்.

உங்கள் சம்பந்தி

(மாமா, கொட்டை எழுத்தில் எழுத இடமில்லை. ஆனால் சொன்னார், சத்தியமாகச் சொன்னார்.)


மார்ச் 8

அன்புச் சம்பந்திக்கு,

உங்கள் கைப்பிடி விவரம் படித்து நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்பை விட்டு ஓடிவந்துவிட்டாள். கடலில் என்ஜினை எவன் ஐயா தூக்குவான்? காது குத்தாத பிள்ளைக்குக் கம்மல் வாங்கியிருக்கிறீர்கள். போகட்டும், ஆசைப்பட்டு மாட்டிவிட்டீர்கள், இருக்கட்டும். நாளைக்கு எனக்கொரு பேரன் பிறந்தால் அதைப் பிடித்து ஊஞ்சலாடுவான்.

மீன் எப்படி என்று எழுதச் சொல்லுங்கள்.

சம்பந்தி


மே 17

சம்பந்திக்கு,

என் மனைவியும் சின்ன மகனும் பெரியவனை மண்ணில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். நான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். இவர்களிடம் கேட்டால் அழுகிறார்கள். அழுகிற வாயைப் பார்த்து எனக்கு எதுவும் புரிவதில்லை.

நீங்கள் கரையில் நின்று பார்த்ததாகச் சின்னவன் எழுதிக் காட்டினான். உங்கள் ஞாபகத்தை நான் நம்புகிறேன். எதையும் விடாமல் சொல்லி அனுப்புங்கள். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம்.

மருமகள் சாப்பிடுகிறாளா?


மே 24

சம்பந்திக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். இவள்தான் எழுதுகிறாள். வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்றேன், 'நானே எழுதுகிறேன்' என்றாள். சாப்பிடுகிறாள், ஊட்டினால்.

அன்று காற்று பெரிதில்லை. நான் முகத்துவாரத்துக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தேன். படகு தாழ்ந்து வந்தது. அவ்வளவு மீன். இந்த மூன்று மாதத்தில் அப்படி ஒரு மீன்பாடு இல்லை. மாப்பிள்ளை முன்னால் நின்று கை காட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து ஒரு பெரிய மீனைத் தூக்கிக் காட்டினார். திட்டுக்கு வெளியே நின்று இரண்டு அலையைப் போகவிட்டு, மூன்றாவது அலையின் முதுகில் ஏறினார்கள். அழகாகத்தான் வந்தார்கள்.

திட்டின் நடுவில் படகு ஒரு குலுங்கு குலுங்கியது. என்ஜின் ஒருமுறை வீறிட்டது, அப்புறம் சத்தமில்லை. மாப்பிள்ளை திரும்பி ஏதோ கத்தினார், காற்றில் எனக்குக் கேட்கவில்லை. படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. பின்னால் வந்த அலை அப்படியே புரட்டிவிட்டது. இவள் பின்பக்கம் விழுந்து மேலே வந்தாள். மாப்பிள்ளை வலையோடு விழுந்தார். நான் நீந்திப் போவதற்குள் வலையில் அசைவில்லை.

படகு மூழ்கவில்லை. நீங்கள் சொன்ன நுரை வேலை செய்தது. கரைக்கு இழுத்து நிமிர்த்தினோம். எங்கும் விரிசல் இல்லை. என்ஜின் தூக்கியபடியே நின்றது. விசிறியில் ஒரு கீறல் இல்லை, கைப்பிடிகூட வளையவில்லை.

ஏன் புரண்டது என்று எனக்கு விளங்கவில்லை சம்பந்தி. படுத்தால் அதுதான் ஓடுகிறது. எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். இவளும் அதையேதான் சொல்கிறாள்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 1

சம்பந்திக்கு,

திட்டின் மேல் அலை தள்ளும்போது அடி உரசினாலும் என்ஜின் தண்ணீருக்குள்தான் இருக்க வேண்டும், முழு வேகத்தில். தூக்கினால் படகுக்குப் பிடியே இல்லை. அலை திருப்பிப் போட்டுவிடும். என் மகனுக்கு இது பல் முளைக்கும்போதே தெரியும்.

என்ஜினைத் தூக்கியது யார்?


ஜூன் 6

சம்பந்திக்கு,

இந்தக் கையெழுத்து வேறு. ஐஸ் கம்பெனிக் கணக்கர் எழுதுகிறார். நல்ல மனுஷன், வெளியே சொல்ல மாட்டார்.

நீங்கள் கேட்டது நியாயம். பெற்றவர் கேட்காமல் யார் கேட்பது? ஆனால் எழுத்து தெரியாதவனுக்கு ஒரு கடிதம் போட்டால், அதை அவனுக்கு யார் படித்துக் காட்டுவார் என்று ஒரு நிமிஷம் நினைத்திருக்கலாம். உங்களுக்குத் தெரியாததா?

கதவுப் பக்கம் வெளிச்சத்தில் நின்று படித்தாள். எப்போதும் போல நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியும்படி.

"தூக்கியது யாருன்னு கேக்கறாருப்பா."

"நீதானேம்மா பின்னால இருந்தே."

"ஆமா, நான்தான். அடி உரசுச்சு, தூக்கினேன். அதானேப்பா செய்யணும்?"

அவள் மறுபடி கடிதத்தைப் பார்த்தாள். மேல் வரியை இன்னொரு தடவை படித்தாள், எனக்கில்லை, வாய்க்குள். பிறகு கேட்டாள்:

"அப்போ அவர் திரும்பி 'இறக்கு, இறக்கு'ன்னு கத்தினது... என்ஜினையா?"

"எனக்குக் கேக்கலம்மா."

"எனக்குக் கேட்டுச்சுப்பா. என்ஜினை இறக்கச் சொல்றார்னு எனக்குப் புரியல. தூக்கியாச்சே, அப்புறம் என்ன கத்தறார்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

இதை உங்களிடமிருந்து மறைக்க எனக்கு உரிமை இல்லை. சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று கேளுங்கள். உங்கள் வீட்டில் தூக்காதே என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் தூக்கு என்பதையும் அப்படித்தான். நாம் இரண்டு கிழவர்களும் இரண்டு மாதம் மூக்கைப் பேசினோம், அடியைப் பேசினோம், ஒரு சாண் தண்ணீருக்கு மல்லுக்கு நின்றோம். ஓட்டப் போகிற கை திட்டின் மேல் என்ன செய்யும் என்று நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கைப்பிடியைக் கழற்றினாள். அதைப் பழைய துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு இன்று காலை பஸ் ஏறிவிட்டாள். உங்கள் வீட்டுக்குத்தான். "மாமா என்னைக் கேக்கல, உன்னைக் கேட்டார். ஆனா பதில் என்கிட்டதான் இருக்கு" என்றாள். நான் கூட வருகிறேன் என்றதற்கு, "வேண்டாம், நீ வந்தா எனக்காகப் பேசுவே" என்றாள்.

இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தால், கதவைத் திறக்கச் சொல்லுங்கள். திட்டுவதென்றால் உட்காரவைத்துத் திட்டுங்கள்.

கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 12

உங்கள் கடிதம் அவளுக்குப் பின்னால்தான் வந்தது. இதை அந்தக் கணக்கரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கதவைத் திறந்தது என் மனைவி. மருமகள் மாடிக்கு வந்து என் எதிரில் நின்று பேசினாள். எனக்குக் கேட்காது என்பதை மறந்துவிட்டாள், அல்லது மறக்கவில்லை. முழுவதும் பேசி முடிக்கும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேப்பரும் பேனாவும் நீட்டினேன். எழுதினாள்: "நான்தான் தூக்கினேன் மாமா. அவர் இறக்கு என்று கத்தினார். எனக்குப் புரியவில்லை." உங்கள் கடிதங்களில் நான் இத்தனை நாள் பார்த்த அதே எழுத்து. கோடு கோணவில்லை.

நான் திட்டவில்லை. 'பரவாயில்லை' என்றும் சொல்லவில்லை. அது எனக்கு வரவில்லை, வரும் என்று தோன்றவும் இல்லை.

இரண்டு நாள் இருந்தாள். என் மனைவி போட்டதை இரண்டு வாய் சாப்பிட்டாள். போகும்போது இன்னொரு பேப்பரில் கேட்டாள்: "திட்டை எப்படிக் கடக்கணும்னு எனக்குச் சொல்லித்தருவீங்களா?" அதை நான் ஒருவனுக்குத்தான் சொல்லித்தந்தேன். தலையை ஆட்டிவிட்டேன், முடியாது என்று. படகை விற்றுவிடுங்கள். அவள் அதில் ஏறக் கூடாது.

இனி நீங்கள் எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்தால் நம் படகுப் பேச்சுதான் ஞாபகம் வருகிறது. அவள் தன் விஷயமாக ஏதாவது எழுதினால் படிப்பேன். மார்ச் மாதம் நான் சிரித்து எழுதிய கடிதம் உங்கள் வீட்டில் இருக்கும். அதைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்களுக்குப் படித்துக் காட்டியவள்தான், மறுபடி அவள் கண்ணில் படக் கூடாது.

பஸ் ஏற்றிவிட என்னால் இறங்க முடியவில்லை. ஜன்னலிலிருந்து தெருமுனை வரை பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கைப்பிடியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். துணியோடு என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம். அது இந்த வீட்டிலேயே கிடக்கட்டும்.

அவனுடைய அப்பா