வலப்பக்கத்துச் சந்து

மாமா,

உங்கள் துணிகளைப் பிரித்து வைக்கலாம் என்று இன்று காலை அத்தை கூப்பிட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சள் மேலங்கியைத்தான் நான் முதலில் எடுத்தேன். தக்காளிச் செடியின் பச்சை வாடை முகத்தில் அடித்தது. எத்தனை முறை துவைத்தும் அது போகவில்லையாம். ஜெர்மனியில் எல்லாக் கார்களிலும் கட்டாயம் இருக்க வேண்டிய, வெளிச்சம் பட்டால் மின்னும் மேலங்கி அது. ஊருக்குக் கிளம்பும்போது நீங்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். மாரண்டஹள்ளி மண்டிக்கு மொபெட்டில் தக்காளி கொண்டுபோகும்போதெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு போனீர்களாம். "ரோடு போடற ஆளு வந்துட்டாரு" என்று மண்டியில் சிரிப்பார்களாம்.

நேற்றுதான் உங்கள் காரியம் முடிந்தது. மண்டியில் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தபோது நான் ஜெர்மனியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் போனை என்னிடம் நீட்டினார். நாங்கள் வந்து சேர்ந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தீர்கள். அந்த அதிர்ச்சியே என் கைகால்களை விட்டு இன்னும் இறங்கவில்லை. அதற்குள் இன்று காலை, இந்த மேலங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அத்தை ஒன்று சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு உங்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் நீங்கள் எங்களிடம் வந்தபோது நான் அந்த நாட்டுக்குப் போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நம் ஊர் லைசென்ஸ் அங்கே ஆறு மாதம் செல்லும், அதற்குள் அவர்கள் தேர்வை எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தருமபுரியில் கார் ஓட்டக் கற்றவள், அரூர் சந்தை நாளிலேயே ஓட்டியவள், இந்தக் காலி ரோட்டில் ஓட்ட மாட்டேனா என்ற நினைப்பு எனக்கு.

முப்பது வருடம் டிராக்டர் ஓட்டிய உங்களுக்கு என் பக்கத்தில் உட்காரவே கூச்சமாக இருந்தது. "பொம்பளப்புள்ள ஓட்டி நான் உக்காந்து போனதில்லம்மா" என்றீர்கள். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பதால் உங்களுக்கு வலப்பக்க இருக்கை. வழக்கமாக ஓட்டுபவர் இருக்கும் இடத்தில், கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள். வளைவு வந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடும். யாரைக் கண்டாலும் ஒரே சொல்தான்: "ஹாரன் அடிம்மா."

நடப்பவரைக் கண்டால் ஹாரன். நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவரைக் கண்டால் ஹாரன். ஒருநாள் கடையிலிருந்து திரும்பும்போது நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

"மாமா, இங்க யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க. அடிச்சா அசிங்கமா பாப்பாங்க. சும்மா சும்மா சொல்லிக்கிட்டே இருக்காதீங்க."

"சரிம்மா, இனிமே சொல்லல" என்றீர்கள். சொன்ன பிறகு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள்தான் உங்களுக்குப் பல்வலி. உங்கள் மகன் வேலை விஷயமாக வேறு ஊர் போயிருந்தார். பல் மருத்துவரிடம் நான்தான் உங்களைக் கூட்டிப்போனேன். கன்னத்தைக் கையில் தாங்கியபடி வந்தீர்கள். குடியிருப்புத் தெரு, இரண்டு பக்கமும் வீடுகள், அகலமான நல்ல ரோடு. வலப்பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சந்து வந்து சேர்ந்தது. போர்டு கிடையாது, சிக்னல் கிடையாது. நம் ஊரில் அப்படியொரு சந்திலிருந்து வருபவர் நின்று பார்த்துத்தானே பெரிய ரோட்டில் ஏறுவார்? நான் வேகத்தைக் குறைக்கவில்லை. சைக்கிள் ஒன்று சந்திலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. பெரிய சத்தம்கூட இல்லை.

காரை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எனக்கு முன்னால் இறங்கிவிட்டீர்கள். கீழே விழுந்து கிடந்த வயதான அம்மாளின் பக்கத்தில், தார் ரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கூடி அடிக்க வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை. ஒருவர் போர்வை கொண்டுவந்து போர்த்தினார். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். இன்னொருவர் எங்கள் காரிலிருந்தே மஞ்சள் மேலங்கியை எடுத்து, வண்டிகள் வரும் பக்கம் இருந்த உங்களுக்குப் போட்டுவிட்டார். ஒருவராவது என்னைத் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

போலீஸ்காரர் வந்து, யார் ஓட்டியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீங்கள் எழுந்து நெஞ்சில் தட்டிக்கொண்டு சொன்னீர்கள்:

"மீ. டிரைவர் மீ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் ஓட்டினால் பக்கத்தில் உட்காரவே கூசிய மனிதர், வந்து மூன்று வாரம்கூட ஆகாத நாட்டில், போலீஸுக்கு முன்னால் நெஞ்சைத் தட்டுகிறார். நான் மறுக்க வாயெடுத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"சும்மா இரு கண்ணு. நான் ஊருக்குப் போறவன், எனக்கென்ன ஆவப்போவுது? நீ இங்க பொழைக்க வேண்டியவ."

முதல் தடவையாக என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அப்போதுதான். கையை உதறிக்கொண்டு, ஓட்டியது நான்தான் என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். சைக்கிளைப் பார்த்தீர்களா என்று அடுத்துக் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

அந்தச் சந்துக்குத்தான் முன்னுரிமை என்று அவர் சொன்னபோது எனக்கு முதலில் புரியவே இல்லை. போர்டு இல்லாத இடத்தில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ரோடு பெரிதா சிறிதா, வருவது லாரியா சைக்கிளா என்ற கேள்வியே இல்லை. வீட்டுக்கு வந்து உங்களுக்கு விளக்கினேன். "சந்துல வர்ற சைக்கிளுக்கு ரோட்ல போற காரு நிக்கணுமா?" என்று மூன்று முறை கேட்டீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் வலப்பக்கத்தவருக்கு வழிவிடுவது நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது என்று பிறகு நான் தேடிப் படித்துச் சொன்னபோது, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள். "நம்மூர்லயுமா? ஒருத்தன்கூட சொன்னதில்லையே!"

அந்த அம்மாளுக்குத் தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. அத்தை உங்களோடு கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை டப்பாவோடு மருத்துவமனைக்குப் போனோம். அவர் கோபப்படவில்லை. "நான் உங்கள் காரைப் பார்த்தேன். நிற்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார். அதை உங்களுக்குத் தமிழில் சொன்னேன்.

"பாத்தாங்களாமா?" என்று கேட்டீர்கள்.

"ஆமா மாமா. நாம நிப்போம்னு நெனச்சாங்களாம்."

நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். நான் விடைபெற்று வந்தபோது நடையில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தீர்கள். மருத்துவமனை வாடை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கு பெரிதாகாமல் முடிந்தது. ஆனால் நான் சாவியைத் தொடவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த நீங்கள், ஒருநாள் மாலை நடக்கக் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு சந்து முனையிலும் நின்று கார்களைப் பார்த்தோம். "பாரு, அவன் நிக்கறான். இவனும் நிக்கறான். பழகுனா வந்துடும் கண்ணு" என்றீர்கள். அடுத்த வாரம் நீங்களே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டீர்கள். வலப்பக்கம் சந்து வரும்போதெல்லாம் தலையை நீட்டிப் பார்த்து, "காலி" என்பீர்கள், இல்லையென்றால் "வருது, நில்லு" என்பீர்கள். ஒன்றைக்கூட விட்டதில்லை. ஊருக்குத் திரும்பும்வரை அப்படித்தான். நான் அங்கே தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியது உங்களால்தான்.

இதையெல்லாம் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். போலீஸிடம் பழியை ஏற்றுக்கொள்ள வந்ததும் பாசம்தான் என்று நினைத்தேன். எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது, மாமா. நீங்கள் பொய் சொன்ன இடத்தில் நான் உண்மை சொன்னேன் என்ற பெருமை. தோழிகளிடம் அந்தக் கதையை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை மேலங்கியை மடித்தபடி, "பாவம் அத்த, எனக்காக மாமா போலீஸ்கிட்டயே பொய் சொன்னாரு" என்றேன். அத்தை கையிலிருந்த வேட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"பொய்யின்னு நீ நெனைக்கற. அவரு அப்படி நெனைக்கல கண்ணு. அந்த சைக்கிள அவரு பாத்துட்டாரு."

எனக்கு விளங்கவில்லை.

"அவரு பக்கந்தான வந்துச்சு? தூரத்துலயே பாத்துட்டாராம். ஹாரன் அடின்னு சொல்ல வாய் வந்துச்சாம். மொத நாளுதான் நீ சொல்லக்கூடாதுன்னியாமே? அதான் சொல்லல. சந்துல வர்ற சைக்கிளுதான, நின்னுக்கும்னு இருந்துட்டாராம். 'நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பொம்பள தப்பிச்சிருக்கும்'னு சாப்புட உக்காந்தாலே பொலம்புவாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நீ சொன்ன வார்த்தையாலதான்னு நீ வெசனப்படுவியாம்."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கடிந்துகொண்ட அந்த ஒரு வரி உங்கள் வாயை அடைத்திருக்கிறது. அதை என்னிடமிருந்து மறைப்பதற்காக ஒரு வருடம் தனியாகக் குற்றவாளியாக இருந்திருக்கிறீர்கள்.

அதன் பிறகு என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிது. யாரிடமும் சொன்னதில்லை.

"அத்த, நானும் பாத்தேன்."

அத்தை திட்டவில்லை. "இத அந்த மனுசங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்கள். அவ்வளவுதான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் திரும்பிப் போகிறேன். போனதும் முதல் வேலையாக அந்த அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொல்வேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள். சந்து முனைக்கு ஐம்பதடி இருக்கும்போதே அவர் என் கண்ணில் பட்டுவிட்டார், மாமா. சிவப்புத் தொப்பி, முன்கூடையில் வெங்காயத்தாள், ஒரு நீளமான ரொட்டி. பிரேக்குக்கு மேல் கால் வந்தது. நின்றுகொள்வார் என்று நினைத்து, காலை எடுத்துவிட்டேன்.